பச்சையாய் ஒளிர்ந்த தண்ணீர்

சிலுவைதாசனின் மகள் ஜெனிலா வேதியியலில் ஆராய்ச்சிப் பட்டம் வரை படித்ததற்குக் காரணம் என்ன என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஓர் இறால் குளத்தைத்தான் சொல்வார்கள். அந்தக் குளம் இப்போது இல்லை. மணக்குடிக் காயலின் கரையில் அது இருந்த இடத்தில் மண்ணடித்துத் தென்னங்கன்று வைத்திருக்கிறார்கள்.

2004 டிசம்பரில் கடல் ஏறி வந்தபோது சிலுவைதாசனின் வள்ளமும் வலையும் போயின. அந்த வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் அவர் மீண்டும் கடலுக்குப் போக விரும்பவில்லை. மறு ஆண்டு வேறு இருவரோடு சேர்ந்து காயற்கரையில் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து இறால் வளர்த்தார். முதல் அறுவடை நன்றாகவே வந்தது. அடுத்த வளர்ப்பில், 2006ஆம் ஆண்டு, ஒரு காலைப் பொழுதில் இறால்கள் தீனியைத் தொடாமல் கரையோரமாக வந்து ஒதுங்கி நின்றன. ஓட்டின்மேல் சுண்ணாம்பு தெறித்தாற்போன்ற புள்ளிகள். அந்த வாரத்துக்குள் குளம் முழுவதும் செத்து மிதந்தது.

வெள்ளைப்புள்ளி என்று பண்ணைக்காரர்கள் சொல்லும் வைரஸ் நோய் அது. மனிதரை அது ஒன்றும் செய்யாது. இறாலுக்கு வந்துவிட்டால் மருந்து கிடையாது. குஞ்சாக வாங்கும்போதே நோய் அதனுள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே வழி. ஜெனிலா அப்போது நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இளங்கலை இரண்டாம் ஆண்டு. செத்த இறால்களை ஐஸ் பெட்டியில் வைத்துப் பேருந்தில் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து சென்னையில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நோய் உண்டு என்ற முடிவு வந்து சேர்ந்தபோது, குளத்தை வடித்துப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் காயவிட்டிருந்தார்கள்.

வடசேரிச் சந்தையில் மீன் விற்றுவிட்டு வந்திருந்த தாய் குளோரி, கூடையை இறக்கிக்கொண்டே சொன்னார்: "அடக்கம் கழிஞ்ச பொறவு வந்து, ஆளு செத்துப்போச்சுன்னு பறையியானுவ. கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு."

"கொளத்தங்கரையில வச்சே பாக்கணும்மா," என்றார் ஜெனிலா. "அன்னைக்கே தெரியணும்."

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல இந்தக் கூடையக் கழுவு."

ஜெனிலா கூடையைக் கழுவினார். அன்று சொன்னதை விட்டுவிடவும் இல்லை.

முதுகலை முடித்ததும் அதே கல்லூரியில் பேராசிரியர் டைட்டஸிடம் ஆய்வில் சேர்ந்தார். டைட்டஸின் துறை ஒளிரும் பாலிமர்கள். பாலிமர் என்பது ஒரே வகை மூலக்கூறுகள் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி. சில சங்கிலிகளின் மேல் ஊதா ஒளி பட்டால், சங்கிலி முழுவதும் அதை வாங்கி ஓரிடத்தில் கொண்டு சேர்க்கும். கூரை முழுவதும் பெய்த மழை கூரை விளிம்பில் கட்டிய தகரப் பாத்தி வழியாக ஒரே குடத்தில் விழுவதைப் போல. அந்தச் சங்கிலியில் ஜெனிலா, வைரஸின் டி.என்.ஏ.வுக்கு இணையான ஒரு சிறு டி.என்.ஏ. துண்டைப் பிணைத்தார். இறாலின் சாற்றை வெந்நீர்த் தொட்டியில் ஒரே சூட்டில் வைத்து, அதில் வைரஸ் இருந்தால் அதன் டி.என்.ஏ.வைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். பிறகு பாலிமரைச் சேர்த்தால், வைரஸின் இழை தன் இணையைக் கண்டு அதனோடு முறுக்கிக்கொள்ளும். அப்படி இரண்டு இழையும் சேர்ந்த இடத்தில் மட்டும் புகுந்து அமரும் சாயம் ஒன்று கரைசலில் உண்டு. சங்கிலி சேர்த்த ஒளியெல்லாம் அந்தச் சாயத்தில் இறங்கும். குழாய் பச்சையாக ஒளிரும். இணை வராவிட்டால் குழாய் மங்கிய நீலமாகவே நிற்கும். பார்ப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கே போதும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலை செய்வதற்கு அப்படி இல்லை. பாலிமர் நேர்மின்னேற்றம் கொண்டது. எதிர்மின்னேற்றம் உள்ள எதன்மேலும் போய் ஒட்டிக்கொள்ளும். இறாலின் சொந்த டி.என்.ஏ.மேல் ஒட்டியது, புரதத்தின்மேல் ஒட்டியது, கண்ணாடியின்மேலும் ஒட்டியது. உப்பைக் கூட்டினால் விலகியது, ஆனால் வேண்டிய இழையையும் சேர்த்துக் கைவிட்டது. சரியான உப்பளவைக் கண்டுபிடிக்க ஜெனிலாவுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. சிலுவைதாசன் கேட்பார்: "ஏட்டி, செத்த றாலுக்கு இன்னும் சாதகம் பாத்து முடியலியா?" மகள் சொல்வார்: "உசுரோட இருக்குறதுக்குத்தான்ப்பா பாக்கேன்."

2012இல் வேலை கல்லூரியைவிட்டு வெளியே வந்தது. கடற்கரையில் முத்துநாயகம் என்பவர் நடத்திய குஞ்சு பொரிப்பகத்தில் சோதனையை நடத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஊரார் அதை ஹேச்சரி என்பார்கள். கடலில் பிடித்த தாய் இறால்களைத் தொட்டியில் விட்டு முட்டையிடச் செய்து, குஞ்சுகளைப் பண்ணைகளுக்கு விற்பது அங்கே தொழில். அங்கே சோதனை தேறினால் ஒவ்வொரு தாய் இறாலையும் முட்டையிடுமுன் பார்க்க முத்துநாயகம் இசைந்திருந்தார். தேறாவிட்டால் ஆண்டு முடிவில் ஆய்வுத் திட்டத்தையே மூடிவிடுவார்கள்; ஆறு ஆண்டுகளுக்கு முன் குளோரியிடம் சொன்ன சொல்லும் அதோடு போகும்.

சோதனைக்கு விதிமுறை உண்டு. மீன்வளத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதை மேற்பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். எந்தக் குழாயில் எந்தச் சாறு இருக்கிறது என்பது ஜெனிலாவுக்கோ எனக்கோ தெரியக்கூடாது. ஆகவே குழாய்களை நிரப்பும் வேலை பொரிப்பகத்தின் தொழில்நுட்பர் அறவாழியிடம் விடப்பட்டது. அவர் சீர்காழிக்காரர், வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எண்ணிட்ட குழாய்களில் நோயுள்ளதும் இல்லாததுமாகத் தம் விருப்பப்படி நிரப்பி, விவரத்தை உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும். அவை தவிர ஒப்பீட்டுக்கு, அதாவது கண்ட்ரோலாக, இரண்டு குழாய்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். அது ஒளிரக் கூடாது. மற்றொன்றில் நோயுள்ள சாறு. அது கட்டாயம் ஒளிர வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால்தான் மற்றவற்றைக் கணக்கில் எடுக்கலாம். குழாயின் மூடி மிளகைவிடச் சற்றே பெரிது. மார்க்கர் பேனாவால் ஓரெழுத்து எழுதத்தான் இடமுண்டு. தண்ணீர்க் குழாயின் மூடியில் 'வெ' என்றும், நோய்க் குழாயின் மூடியில் 'நோ' என்றும் எழுதி, "மூடியில பாத்து ஊத்துனா போதும்" என்று அறவாழியிடம் கொடுத்துவிட்டு ஜெனிலா வெளியே போய் அமர்ந்தார்.

சன்னல்களைச் சாக்கால் மறைத்து ஊதா விளக்கைப் போட்டபோது, தண்ணீர்க் குழாய் பச்சையாக ஒளிர்ந்தது. நோய்க் குழாய் நீலமாகக் கிடந்தது.

டைட்டஸ் விளக்கை இன்னும் அருகில் பிடித்துப் பார்த்தார். பிறகு முத்துநாயகம், "பச்சத் தண்ணிக்கே தீனம் வந்தாச்சு," என்றார். "இனி கெணத்துக்குத்தான் ஊசி போடணும்."

டைட்டஸ் உறையைப் பிரித்து எண்ணிட்ட குழாய்களை ஒப்பிட்டார். அவை ஒன்றுவிடாமல் பொருந்தியிருந்தன. ஆனாலும் அவர் தலையை அசைத்தார். "கண்ட்ரோல் போனா எல்லாம் போச்சு, ஜெனிலா. விதி உனக்குத் தெரியும்."

"தெரியும் சார். இன்னொரு தடவை செய்யிறேன்."

கல்லூரியில் தாமே குழாய்களை நிரப்பிச் செய்து பார்த்தார். தண்ணீர் நீலம், நோய் பச்சை. பாலிமரைப் புதிதாகத் தயாரித்தார். தண்ணீரை மறுபடி காய்ச்சி வடித்தார். விளக்கை மாற்றினார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மறு வாரம் பொரிப்பகத்துக்குப் போய், விதிப்படி வெளியே அமர்ந்து, அறவாழியை நிரப்பச் சொன்னார். தண்ணீர் மறுபடியும் பச்சையாக ஒளிர்ந்தது.

டைட்டஸ் கடுமையானவர் அல்லர். இருந்தும் அன்று திரும்பும் வழியில், மாத முடிவில் தாம் எழுதவேண்டிய அறிக்கையில் களத்துக்கு ஏற்றதன்று என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். "கெட்டுப்போன சோதனையைக் கெட்டுப்போச்சுன்னுதான் எழுதணும்."

"இது கெட்டுப்போன சோதனை இல்ல சார்," என்றார் ஜெனிலா. "திரும்பிப்போன சோதனை. தண்ணியில அழுக்கு சேந்தா தண்ணி ஒளிரும், சரி. நோய்க் குழாய் எதுக்கு அணையணும்? ரெண்டும் ஒரே நேரத்துல தலைகீழா ஆகுதுன்னா, அதுக்கு ஒரு காரணந்தான் இருக்கும். அதக் கண்டுபிடிக்காம நான் விடமாட்டேன்."

காரணத்தை முத்துநாயகம் தமக்குத் தோன்றியபடி கண்டுபிடித்துவிட்டார். அறவாழி குழாய்களை மாற்றி வைத்துவிட்டார் என்பது அவர் முடிவு. "கவனம் எங்க இருக்கு தம்பி ஒனக்கு? போன்லயா?" என்று ஆட்கள் நடுவே கேட்டுவிட்டார். மூன்றாம் முறையாக ஜெனிலா வந்தபோது அறவாழி முகங்கொடுத்துப் பேசவில்லை.

"குழாய் மாறியிருக்குமா அறவாழி? தெரியாமத்தான் கேக்கேன்."

"மாறலீங்க மேடம். நீங்க மூடியில எழுதினபடிதான் ஊத்தினேன். என் பிள்ள மேல சத்தியமா வேணும்னாலும் சொல்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது ஜெனிலாவுக்குத் தெரிந்தது. அதனால் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. இருவரும் தொட்டிக் கொட்டகையின் வாசலில் நின்றிருந்தார்கள். தொட்டி கழுவும் செல்லத்தாய் கையில் செம்போடு அந்தப் பக்கம் வந்தார்.

"மக்கா, மொகம் வாடிக் கெடக்கு. கொஞ்சம் வெள்ளம் குடிக்கியா?"

அறவாழி செம்பை வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டபோது அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "வந்த புதுசுல இவங்க பண்ணின கூத்து தெரியுமா மேடம்? விடியக்காலம் 'வெள்ளம் வருது, வெள்ளம் வருது'ன்னு ஒரே சத்தம். நான் கொள்ளிடக்கரையில பொறந்தவன். எந்திரிச்சு ஓடி மோட்டார் ரூம் மேல ஏறிட்டேன்."

"டேங்குக்கு வெள்ளம் வருதுன்னு பறஞ்சேன்," என்றார் செல்லத்தாய். "இவன் கூரையில கேறி நிக்கியான். ஒத்தச் செருப்பு கீழ கெடக்கு. கையில தலவாணி வேற. எறங்கி வாலே மக்கா, கொழாய அடச்சாச்சுன்னு கெஞ்சுனேன்."

ஜெனிலா சிரிக்கவில்லை. பையைத் திறந்து, முந்தின வாரத்துக் குழாய்கள் இரண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"அறவாழி, இந்த மூடியில என்ன எழுதியிருக்கு?"

"வெ."

"வெ-ன்னா?"

"வெள்ளைப்புள்ளிங்க."

"இதுல?"

"நோ. அதான் மேடம், இங்கிலீஷ்ல நோ. நோய் கிடையாதுன்னு. அதுல தண்ணி ஊத்தணும்."

ஜெனிலா பக்கத்தில் இருந்த கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "நோ-ன்னா நோய். வெ-ன்னா வெள்ளம்."

"வெள்ளமா?" அறவாழி குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தமிழ்ல எழுதியிருக்கலாமே மேடம்."

"தமிழுலதானே எழுதினேன்."

"வெள்ளத்த வெள்ளம்னு எழுதாம," என்றார் செல்லத்தாய், "பின்ன என்ன மண்ணெண்ணெய்ன்னா எழுதுவா?"

இவ்வாறாக, சோதிக்கிறவர் நிரப்புமிடத்தில் இருக்கக்கூடாது என்ற நல்ல விதியே இந்தப் பிழையை இரண்டு முறை மறைத்துவிட்டிருந்தது. ஜெனிலா உள்ளே நின்றிருந்தால் முதல் நாளே கண்டிருப்பார். முத்துநாயகத்திடம் அவரே நேரில் போய்த் தவறு தம் எழுத்தில் என்று சொன்னார். முத்துநாயகம் அறவாழியைக் கூப்பிட்டு, "தம்பி, நான் சொன்னத மனசுல வச்சுக்கிடாத," என்றார், சற்றுப் பொறுத்து, "ஆனாலும் தலவாணிய எதுக்குலே எடுத்துக்கிட்டுக் கேறுன?" என்றும் கேட்டார்.

டைட்டஸ் சிரித்து முடித்தபின், இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி எழுதிக்கொண்டால் நடந்த சோதனைகளே தேறிவிடும் என்றார். எண்ணிட்ட குழாய்கள்தாம் முன்பே பொருந்தியிருக்கின்றனவே. அறிக்கைக்கு நாளும் அதிகம் இல்லை.

"வேண்டாம் சார்," என்றார் ஜெனிலா. "முடிவு தெரிஞ்ச பொறவு பேர மாத்தினா, நாளைக்கு யாரு வேணும்னாலும் எத வேணும்னாலும் மாத்தலாம். முதல்லேருந்தே செய்வோம்."

இம்முறை மூடியில் எழுத்தே இல்லை. தண்ணீருக்கு நீல மூடி, நோய்க்குச் சிவப்பு மூடி. செல்லத்தாய் எட்டிப் பார்த்து, "ஏலே மக்கா, செவப்புன்னா ஒங்க ஊருல வேற ஏதாம் அர்த்தம் உண்டுமா?" என்று அறவாழியைக் கேட்டார். "இப்பமே பறஞ்சிரு."

அந்த நேரத்தில் பொரிப்பகத்துக்குப் புதிதாகத் தாய் இறால்கள் வந்திருந்தன. அவற்றில் ஒரு தொட்டியில் இருந்தவை அன்று இரவே முட்டையிடும் நிலையில் இருந்தன. தம் சரக்கின்மேல் நம்பிக்கையுள்ள முத்துநாயகம், எல்லாத் தொட்டிகளிலிருந்தும் காலின் நுனியைச் சிறிது வெட்டி எடுத்து எண்ணிட்ட குழாய்களில் சேர்க்கச் சொன்னார். சாக்கை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டோம்.

நீல மூடிக் குழாய் நீலமாக நின்றது. சிவப்பு மூடிக் குழாய் பச்சையாக ஒளிர்ந்தது. எண்ணிட்ட குழாய்களை அறவாழியின் விவரத்தோடு ஒப்பிட்டபோது எல்லாம் பொருந்தின. ஆனால் அறவாழி வேண்டுமென்று நோய்ச்சாறு ஊற்றிய குழாய்களுக்கு அப்பால், வேறு இரண்டு குழாய்களும் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. இரண்டும் அன்று இரவு முட்டையிட வேண்டிய தொட்டியைச் சேர்ந்தவை.

"அதும் ஒனக்க வெள்ளமாத்தான் இருக்கும்," என்றார் முத்துநாயகம். ஆனால் அவர் குரலில் கேலி இல்லை.

"வெள்ளம் இந்தாக் கெடக்கு அண்ணாச்சி. நீலமா." ஜெனிலா நீல மூடிக் குழாயை அவர் கையில் கொடுத்தார். "அது சரியா இருக்கும்போ இத இல்லன்னு நான் பறைய முடியாது."

"சென்னைக்கு அனுப்பிக் கேப்போமே."

"அனுப்புங்க. ஆனா அந்தத் தாய் றாலு இன்னைக்கு ராத்திரி முட்ட போடும். முடிவு வரும்போ குஞ்சு கொளத்துல எறங்கியிருக்கும்."

"கடல்ல தேடிப் புடிச்ச தாய் றாலு, பிள்ள. ஒரு கள்ளநோட்டு வெளக்க நம்பி நான் கொல்லணுமா?"

ஜெனிலா ஊதா விளக்கைக் கையில் எடுத்தார். பிறகு சொன்னார்: "எங்க அப்பாவுக்க கொளத்துல எறங்குன குஞ்சும் ஒரு தாய்க்க வயித்துலேருந்து வந்ததுதான் அண்ணாச்சி. அன்னைக்கு அந்த ஹேச்சரியில ஒரு வெளக்கு இல்ல. இங்க இருக்கு."

முத்துநாயகம் விளக்கைத் தம் கையில் வாங்கினார். நீல மூடியைப் பார்த்தார், சிவப்பு மூடியைப் பார்த்தார், பிறகு அந்த இரண்டு குழாய்களையும் நெடுநேரம் பார்த்தார். விளக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய், தொட்டியின் விளிம்பில் கையூன்றி நின்றார். உள்ளே தாய் இறால்கள், பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல், அடித்தரையில் மெல்ல நடந்துகொண்டிருந்தன.

"தம்பி," என்று கூப்பிட்டார். "ரெண்டெண்ணத்த ஐஸுல போட்டுச் சென்னைக்கு எடுத்து வை. மத்ததுக்குப் பிளீச்சிங் போடு. பொறவு குழியில வெள்ளத்தத் தொறந்து விடு."

அறவாழி போனார். இம்முறை எந்த வெள்ளம் என்று அவர் கேட்கவில்லை.

டைட்டஸின் அறிக்கை உரிய நாளில் போயிற்று, திட்டம் தொடர்ந்தது. மற்றத் தொட்டிகளின் குஞ்சுகள் காயற்கரைக் குளங்களில் இறங்கித் தீனி எடுக்கத் தொடங்கியிருந்தன. சென்னையிலிருந்து முடிவு வந்தது அதற்குப் பிறகுதான். அந்த இரண்டு தாய் இறால்களிலும் வெள்ளைப்புள்ளி வைரஸ் இருந்தது.

குளோரி அன்று சந்தையிலிருந்து வந்து கூடையை இறக்கியபோது மகள் செய்தியைச் சொன்னார்.

"இப்பமும் அடக்கம் கழிஞ்சுதான் வந்திருக்கியானுவளா?"

"ஆமாம்மா," என்றார் ஜெனிலா. "நாங்க அன்னைக்கே அடக்கம் பண்ணியாச்சு."

"அப்பம் கொள்ளாம்," என்று சொல்லிக் குளோரி தாமே கூடையை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.